மூன்றாம் மேசைக்கு மேலே ஒரு கத்தல்

எதைக் கொடுத்தாலும் முதலில் தடவிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சாம்பிள் ஓகே என்று சொன்ன பிறகுதான் வாங்கிக்கொள்ளும் ஊர் திருப்பூர். ஆற்றில் சிவப்பாகத் தண்ணீர் போனால் இன்றைக்கு எந்தச் சாயப்பட்டறையில் என்ன ஷேடு என்று பேசிக்கொள்ளுமே தவிர, ஆறு ஏன் சிவந்தது என்று கேட்காது. அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு பெண்பிள்ளையின் வாயிலிருந்து புறப்பட்ட கத்தல் அவள் வாயை மூடிய பிறகும் நிற்காமல் அந்தரத்தில் தங்கிவிட்டது என்றால் ஊர் என்ன செய்யும்? தடவிப் பார்த்தது, ஓகே சொன்னது, அவ்வளவுதான்.

அந்தப் பெண்பிள்ளையின் பெயர் மயிலாத்தா. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவள். தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூல் நுனிக்குப் பிசிறு என்று பெயர். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அதைக் கத்தரிப்பதுதான் அவள் வேலை. பங்க் இசை என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவளுக்குத் தெரியவந்ததும் அந்த டேபிளில்தான். மண்டையோடும் ஊக்கும் எரிகிற கிடாரும் அச்சடித்த பனியன்கள் கடல் தாண்டிப் போவதற்காக மூட்டை மூட்டையாக வரும், அவற்றில் வேண்டுமென்றே கிழித்த கிழிசல்கள் இருக்கும், அந்தக் கிழிசலுக்கும் அளவு இருக்கும், அளவு மாறிக் கிழிந்தால் அது ரிஜெக்ட். கோபத்தைக்கூட டேப் வைத்து அளந்து அனுப்புகிற தொழிலைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னால் வயிற்றெரிச்சலும் வந்தது.

அந்த மண்டையோடுகளை வரைந்தவன் பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் போடும் நவநீதன். இந்தப் படத்துக்குரிய ஆட்கள் யார் என்று போனில் தேடிப் பார்த்து, அவர்கள் பாட்டைக் கேட்டு, கிடாரில் மூன்று கார்டு தெரிந்தால் போதும், பேண்டு ஆரம்பித்துவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டு கார்டு தெரிந்த நிலையில் ஆரம்பித்துவிட்டான். டிரம்ஸுக்கு சூசை. கட்டிங் மாஸ்டர், சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்தவன், ஆராதனைப் பாட்டை அவன் அடித்த வேகத்தில் ஜனங்கள் மூச்சு வாங்கியதால் பாதிரியார் அன்போடு ஓரங்கட்டிவிட்டார். பாட்டு எழுதிப் பாடுவது மயிலாத்தா. பேண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் பிசிறு.

இவர்களுக்கு முதல் மேடை கொடுத்தவர் 'நொய்யல் வியூ' பப்பின் உரிமையாளர் பொன்னுரங்கம். பெயரில்தான் வியூ, ஆற்றுப் பக்கம் இருந்த கண்ணாடி ஜன்னல்களைக் கறுப்புப் படம் ஒட்டி, ரப்பர் வைத்து அடைத்து, அதற்கும் மேலே ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் வந்தால் ஏற்றுமதிக்காரர்கள் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் ஊர் பப்பில் பேண்டு வாசிப்பார்கள் என்று ஒரு பையர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து பொன்னுரங்கத்துக்குத் தூக்கமில்லை. பங்க் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. நவநீதன் காட்டிய மண்டையோட்டைப் பார்த்தார், இதே டிசைன் பனியனைத் தன் மச்சான் கண்டெய்னர் கண்டெய்னராக அனுப்புவது நினைவுக்கு வந்தது, நல்லா ஓடற ஐட்டம் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

மயிலாத்தாவின் பாட்டுகளில் முக்கியமானது 'டோக்கன்'. அவள் கம்பெனியில் ஒரு வரிசைப் பெண்கள் சேர்ந்தது ஒரு லைன், ஒரு லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். சூப்பர்வைசர் கலாமணியின் மேசைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் மஞ்சள் பிளாஸ்டிக் வட்டம். பாத்ரூம் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். லைன் முழுக்க ஒரு ஆணியைப் பார்த்தபடியே வேலை செய்யும். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மயிலாத்தாவுக்கு இரண்டு முறை காய்ச்சல் கண்டு, நீர் கடுத்து, டாக்டர் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். குடித்தால் ஆணியைப் பார்க்க வேண்டும், குடிக்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதைத்தான் அவள் பாட்டாகக் கட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் வேலை இருந்தது. முடித்துவிட்டு நேராகப் பப்புக்கு வந்தவள், மேடை ஏறுவதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே என்று பொன்னுரங்கத்தைக் கேட்டாள்.

"அது கெஸ்ட்டுகளுக்குங்க அம்மிணி," என்றார் அவர். "பேண்டு ஆளுகளுக்குப் பின்னாடி காம்பவுண்டு ஓரம் எடமிருக்குது, போய்ட்டு வந்துருங்க."

நவநீதனும் சூசையும் காம்பவுண்டு ஓரம் போய்விட்டு பேண்ட்டை ஏற்றிக்கொண்டே வந்தார்கள். மயிலாத்தா போய்ப் பார்த்தாள். அந்தப் பக்கம் தெரு விளக்கும் பேக்கரியும் டூவீலர் ஸ்டாண்டும் இருந்தன. திரும்பி வந்து மேடை ஏறினாள்.

முதல் பாட்டுக்குச் சில்லி சிக்கன் வந்தது, இரண்டாவது பாட்டுக்கு வறுத்த முந்திரி வந்தது, யாரும் மேடையைப் பார்க்கவில்லை. மூன்றாவது பாட்டு 'டோக்கன்'. ஆணியைப் பற்றிப் பாடினாள், மஞ்சள் வட்டத்தைப் பற்றிப் பாடினாள், தொண்டை காய்ந்த லைனைப் பற்றிப் பாடினாள், கடைசி வரிக்கு வந்து, "ஒண்ணுக்குப் போகோணும்" என்று, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். அது பாட்டுக்காகக் கத்தியது மட்டும் இல்லை. கத்தல் கிளம்பி, கூட்டத்தின் தலைக்கு மேலே போய், மூன்றாம் மேசைக்கு மேலே, ஏசிக் குழாய்க்கும் கண்ணாடிப் பந்துக்கும் நடுவில் நின்றது. மயிலாத்தா வாயை மூடினாள். கத்தல் மூடவில்லை. சூசை குச்சிகளைக் கீழே வைத்தான், நவநீதன் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான், அது பாட்டுக்கு அங்கேயே, குறையாமல் கூடாமல், கத்திக்கொண்டிருந்தது.

வெயிட்டர் மூன்றாம் மேசைக்குப் போய்க் குனிந்து, "சார், வேற டேபிள் போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டான். அங்கே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பையர் கையை உயர்த்தி அவனைத் தடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார், கொஞ்ச நேரம் கேட்டார், "ஆனஸ்ட்" என்றார். பேண்டைப் பிடித்து வெளியே தள்ளுவதற்காக எழுந்து வந்த பொன்னுரங்கம் பாதி வழியில் நின்று, தள்ளுவதற்குத் தூக்கிய கைகளையே சேர்த்துக் கைதட்டினார். முதலாளி தட்டினால் தட்ட வேண்டும் என்று தெரிந்த கூட்டம் எழுந்து நின்று தட்டியது. மயிலாத்தா அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ஓட்டமும் நடையுமாக வெளியேறி, ஆட்டோ பிடித்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கத்தலுக்கு நடந்த உபசாரத்தைக் கேட்க வேண்டுமே. மறுநாளே பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள், மூன்றாம் மேசைக்கு முன்பதிவு வைத்தார்கள், ஒலி அளக்கும் அதிகாரி கருவியோடு வந்து அளந்து, அளவு மீறித்தான் இருக்கிறது, ஆனால் நோட்டீஸ் கொடுக்க இதற்கு முகவரி இல்லையே என்று வருத்தப்பட்டு ஒரு பீர் குடித்துவிட்டுப் போனார், ஒரு சங்கீத வித்வான் சுருதிப்பெட்டியோடு வந்து உட்கார்ந்து இது நாலரைக் கட்டை, கொஞ்சம் பிசிறு தட்டுகிறது, சாதகம் போதாது என்று தீர்ப்புச் சொன்னார், பிள்ளைக்குப் பேச்சு வராதவர்கள் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார்கள், திக்குவாய் சரியாகும் என்று சிலரும் கடன்காரன் வாயடைத்துப் போவான் என்று சிலரும் மேசைக் காலில் மஞ்சள் துணி கட்டினார்கள். அது என்ன சொல்லிக் கத்துகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. தெளிவான தமிழ், தெளிவான உச்சரிப்பு, பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும். ஆனாலும் அதற்கு அர்த்தம் தேடி ஒரு கல்லூரியில் கருத்தரங்கு நடத்தினார்கள். விடுதலைக்கான ஏக்கம் என்று ஒருவர் பேசினார், ஆற்றின் குரல் என்று இன்னொருவர் பேசினார். மயிலாத்தாவை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தால் ஒரே வார்த்தையில் கருத்தரங்கு முடிந்திருக்கும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கோபம் வந்தால் ஊர் என்ன செய்ய ஆரம்பித்தது என்பதுதான் சகிக்க முடியாதது. சம்பளம் பிடித்தவன் மேல் கோபம் வந்தவன் பப்புக்குப் போனான், புருஷன் மேல் கோபம் வந்தவள் ஞாயிற்றுக்கிழமை பகல் ஃபேமிலி டைமில் போனாள், கத்தலுக்குக் கீழே நின்று, சத்தம் வராமல் வாயை மட்டும் அதோடு சேர்த்துத் திறந்து, நெஞ்சு லேசாகிப் போச்சுங்க என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பினார்கள். கம்பெனிகள் இதைக் கண்டுகொள்ள எவ்வளவு நேரமாகும்? லைன் லைனாக வேனில் ஏற்றி அனுப்பினார்கள். மயிலாத்தாவின் கம்பெனியில் புகார்ப் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பப்பின் போஸ்டரை ஒட்டினார்கள். உங்களுக்கெல்லாம் சேர்த்து அது ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறதே, இன்னும் என்ன குறை என்று மேனேஜர் மைக்கில் கேட்டார். டோக்கன் அதே ஆணியில் தொங்கியது.

மயிலாத்தாவுக்குக் கத்தல் போய்விட்டது. பேச வந்தது, சிரிக்க வந்தது, ஆனால் குரலை உயர்த்த மட்டும் வரவில்லை. பஸ்ஸில் அவள் ஸ்டாப்பிங் வந்தபோது "நிறுத்துங்க" என்றாள், பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்கவில்லை, பஸ் அவளை அடுத்த ஸ்டாப்பிங்குக்குத் தூக்கிக்கொண்டு போனது. கூட்டத்தில் இடித்தவனைத் திட்டினால், டீ ஒன்று குடுங்க என்று கேட்கிற மாதிரி வந்தது. அவன் திரும்பிச் சிரித்தான். கோபம் என்னவோ முன்னைவிடப் பெரிதாக, வெளியே போக வழியில்லாமல், உள்ளேயே கிடந்து புழுங்கியது. ராத்திரி தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு கத்திப் பார்த்தாள், மூச்சுதான் வந்தது. அழுதாள், அதிலும் சத்தமில்லை.

"நீ எதுக்கு வெசனப்படறே?" என்றான் நவநீதன். "கத்தல் அங்கயே இருக்குது. நாங்க கீழ நின்னு வாசிக்கறோம். நீ வந்து வாய மட்டும் அசைச்சாப் போதும்."

"வாய அசைக்கவா நாம பேண்டு ஆரம்பிச்சோம்?"

"ஊரே ஒத்துக்கிருச்சு மயிலு. அதுக்கு மேல என்ன வேணும்?"

அவன் ஞாயிறுதோறும் போய்க் கத்தலுக்குக் கீழே நின்று தன் இரண்டு கார்டையும் வாசித்தான். சூசை மட்டும் டிரம்ஸைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். மயிலாத்தா ஒருநாள் பொன்னுரங்கத்திடம் போய் நின்றாள்.

"அந்தக் கத்தல் என்றதுங்க. எனக்குத் திருப்பி வேணுங்க."

"உன்றதுன்னா கூப்புடு அம்மிணி, வருதான்னு பாக்கலாம்."

அவள் மூன்றாம் மேசைக்குக் கீழே நின்று, எல்லோரையும் போல வாயைத் திறந்தாள். கத்தல் அசையவில்லை. பொன்னுரங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, வியாபாரக் குரலுக்கு வந்தார்.

"சாம்பிள் அருமையா வந்திருக்குது. பையரெல்லாம் ஓகே பண்ணிட்டாங்க. இதே மாதிரி, இதே சைஸுல இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுத்தீன்னா கோயமுத்தூர்ல ஒண்ணு, ஊட்டியில ஒண்ணு தொங்க விட்டுக்கலாம். பல்க் ஆர்டர் எப்ப முடியும், சொல்லு."

அவரைத் திட்டுவதற்கு அவளிடம் நல்ல வார்த்தைகள் நிறைய இருந்தன, சத்தம்தான் இல்லை. எழுந்து வந்துவிட்டாள்.

பிறகு வந்தது அந்த ஆர்டர். கண்ணை மூடிக் கேட்ட அதே பையர், கத்தலை அச்சடித்த பனியன் வேண்டும் என்றார். நவநீதன் டிசைன் போட்டான்: விரியத் திறந்த வாய், உள்நாக்குத் தெரிய, உதட்டோரம் மயிலாத்தாவின் மச்சம் உட்பட. தைக்கும் வேலை அவள் கம்பெனிக்கே வந்தது, செக்கிங் அவள் லைனுக்கே வந்தது. தன் வாயைத் தானே விரித்துப் பிடித்து, அச்சு நேராக இருக்கிறதா, மச்சம் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, அதில் தொங்கிய பிசிறை வெட்டி, மடித்து வைத்தாள். வாய் கோணலாக விழுந்தவை ரிஜெக்ட் மூட்டைக்குப் போயின. தெருவில் பிள்ளைகள் அந்தக் கோண வாயைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் விளையாடினார்கள்.

கத்தல் வந்து ஒரு வருஷம் ஆனதற்குப் பப்பில் விழா எடுத்தார்கள். அன்றைக்கும் ஞாயிறுதான். விழாவுக்கு வரும் பையரிடம் முதல் மூட்டையை மேடையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதால் கம்பெனியில் முழுநாள் ஓவர்டைம். வெயில் காலம். அன்றைக்கு மயிலாத்தா டாக்டர் பேச்சைக் கேட்டுத் தண்ணீர் குடித்திருந்தாள். ஆணி காலியாக இருந்தது. டோக்கன் யார் கழுத்திலோ போயிருந்தது. டீ டைமில் பாத்ரூம் வாசலில் நின்ற வரிசை, டீ டைம் முடியும்போதும் பாதி குறையாமல் நின்றது, பெல் அடித்ததும் அப்படியே திரும்பி லைனுக்கு வந்தது. மயிலாத்தா கலாமணியின் மேசைக்குப் போனாள்.

"அக்கா, டோக்கன் போய் ரொம்ப நேரமாச்சுங்க. முடியலைங்க."

"வந்தாத்தானே தருவேன்? நானென்ன மடியிலயா முடிஞ்சு வெச்சிருக்கறேன்?" கலாமணியும் ஒரு காலத்தில் இதே டேபிளில் நின்று இதே ஆணியைப் பார்த்தவள்தான், நாற்காலி கிடைத்ததும் அவளுக்குத் தாகமே மறந்துவிட்டது. "அவ்வளவு கஷ்டமா இருந்தா போய்க் கத்து. உன்ற கத்தல்தான் பப்புல தொங்குதல்ல."

லைனில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மயிலாத்தா கத்தரிக்கோலை டேபிளில் வைத்தாள். "சரிங்கக்கா," என்றாள், தாழ்ந்த குரலில், மரியாதையாக. மூட்டை ஏற்றும் வேனுக்காகத் திறந்திருந்த கேட் வழியாக வெளியே நடந்தாள்.

பப் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அந்த இரண்டு தெருவையும் அவள் எப்படி நடந்தாள் என்பதை அடக்கிக்கொண்டு நடந்தவர்கள் அறிவார்கள். உள்ளே மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, பையர் நடுவில், பக்கத்தில் ஏற்றுமதிக்காரர் சங்கத் தலைவர், நவநீதன் தோல் கோட்டோடு கிடாரை மாட்டிக்கொண்டு நின்றான். மயிலாத்தா யாரையும் கேட்காமல் மூன்றாம் மேசையில் ஏறினாள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் போன்களைத் தூக்கிப் பிடித்தது. அவள் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தாள். கத்தல் இறங்கி, நேராக அவள் வாய்க்குள் போனது. அத்தனை நாள் வராதது அன்றைக்கு ஏன் வந்தது என்றால், அது முதலில் புறப்பட்டபோது அவள் உடம்பு எந்த நிலைமையில் இருந்ததோ அதே நிலைமையில் அன்றைக்கும் இருந்தது; வேறு காரணம் வேண்டுகிறவர்கள் சங்கீத வித்வானைக் கேட்டுக்கொள்ளலாம்.

மயிலாத்தா வாயை இறுக மூடிக்கொண்டாள். ஒரு வருஷமாக அமைதியே அறியாத அறையில் அமைதி விழுந்தது. சங்கத் தலைவர் முந்திரி மெல்லுகிற சத்தம் கேட்டது. ஐஸ் கட்டி உருகிச் சரிவது கேட்டது. நவநீதன் பதறிப்போய் வாசித்த இரண்டு கார்டும் முதன்முதலாக எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டன, கேட்டவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அடைத்த ஜன்னலுக்கு அப்பாலிருந்து ஆற்றின் நாற்றம்கூட வந்த மாதிரி இருந்தது.

"அம்மிணி," என்று பொன்னுரங்கம் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கண்ணு, அதை வெச்சுட்டுப் போயிரு. விழா நடக்குது பாரு. உனக்கு என்ன வேணும்னு சொல்லு, ரூம்புல உக்காந்து பேசிக்கலாம். பாத்ரூமு வேணுமா? டேய், கெஸ்ட் பாத்ரூமத் தொறந்து விடுங்கடா."

வெயிட்டர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வாசனை, பளிங்கு, மடித்து வைத்த துண்டு. மயிலாத்தா அதைத் தாண்டி, கன்னம் புடைக்க, கண்ணில் நீர் கோக்க, வெளியே நடந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது லைன் ஓடிக்கொண்டிருந்தது, ஆணி காலியாக இருந்தது. கலாமணி நிமிர்ந்து பார்த்து, "யாரைக் கேட்டுட்டு வெளிய போனே?" என்று ஆரம்பித்தாள். மயிலாத்தா வாயைத் திறந்தாள். கத்தல் வெளியே வந்து, ஆணிக்கு நேர் மேலே, மின்விசிறிக்குக் கீழே போய் நின்றுகொண்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கலாமணியின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜர் ஓடி வந்து கையை ஆட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவர் தெருவுக்கு ஓடி, பப்புக்குப் போன் போட்டு, உங்க ஐட்டம் எங்க யூனிட்டுக்குள்ள வந்து வேலையே ஓட மாட்டேங்குது, ஆளனுப்பி எடுத்துட்டுப் போங்க என்று கெஞ்சினார். சில்லி சிக்கனுக்கு மேலே தொங்கியபோது அது கலை, ஏக்கம், ஆற்றின் குரல். தைக்கிற இடத்துக்கு வந்ததும் தொந்தரவு.

லைனில் முதலில் எழுந்தவள் சற்று முன்னால் சிரித்தவர்களில் ஒருத்தி. அவள் ஆணியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள், அப்புறம் எத்தனை பேர் என்று பார்க்க அங்கே யாரும் நிற்கவில்லை. எல்லோரும் பாத்ரூம் பக்கம் நடந்தார்கள், மயிலாத்தாவைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

அவள் உள்ளே போய், கதவைத் தாழிட்டு, அவசரமே இல்லாமல் உட்கார்ந்தாள்.